ஒன்பது கிலோவுக்கு முழுப் பேர்

"என்னா புள்ள, அன்னைக்கு ஒம்பது கிலோதான. மழ பேஞ்சி கொழுந்தெல்லாம் தண்ணி. அரப் பேருதான் போட்டாங்க. ஒன் மிசினு முழுப் பேருன்னு சொல்லுதா?"

அம்மா இதைக் கேட்டது லயத்து வாசலில் கொங்காணியை உதறிக்கொண்டே. என் மடியில் லேப்டொப். திரையில் அம்மாவின் ஜூன் மாதக் கொழுந்துக் கணக்கு. அதில் 2024 ஜூன் 11ஆம் திகதிக்கு நேரே, 9 கிலோ பறித்த நாளுக்கு, ‘முழுப் பேர்’ என்று விழுந்திருந்தது. அடுத்த வாரம் ஒருநாள் 17 கிலோ. அதற்கு ‘அரைப் பேர்’. எழுதப் படிக்கத் திணறும் அம்மா ஒரு நொடியில் பிடித்த பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தின் கதைதான் இந்தப் பதிவு. தலைப்பைப் பார்த்துவிட்டுத் தொழிற்சங்கப் பதிவு என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது எக்ஸ்குவெரி மொழியின் தரவு வகைகள் பற்றியது. ஆனாலும் கடைசி வரை இருந்து பாருங்கள், ஏமாற மாட்டீர்கள்.

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு சொல். பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி. செக்றோல் என்ற பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதியப்பட்டால் பேர் விழுந்தது என்போம். நாளுக்குப் பறித்தே ஆக வேண்டிய அளவு நோம். எங்கள் பக்கம் அது 18 கிலோ. எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் ஆன பிறகு இந்த நோம் பற்றிய சண்டை எந்த லயத்துக்குப் போனாலும் காதில் விழும்.

நான் இருப்பது இறம்பொடையில். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், 109 மீட்டர் உயர நீர்வீழ்ச்சியைப் படமெடுக்க எல்லோரும் வண்டியை நிறுத்துவார்களே, அந்த ஊர். அவர்கள் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள் சிக்னலுக்காக அதே வளைவில் நிற்போம். கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அங்கே எக்ஸ்.எம்.எல். கோப்புகளை எக்ஸ்குவெரி மொழியில் வினவும் வேலை ஒன்று வந்து விழ, பயிற்சிக்காக அம்மாவின் கொழுந்துத் துண்டுகளை, அதாவது அன்றன்று நிறுத்த கிலோவை எழுதித் தரும் சீட்டுகளை, எடுத்துக்கொண்டேன். பேஸ்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது.

எக்ஸ்.எம்.எல்.லில் எனக்குப் பிடித்தது, அடையாளக் குறிகளைத் தமிழிலேயே எழுதலாம் என்பது. 1998 பெப்ரவரியில் அந்தத் தரம் வெளியானபோதே அதற்கு இடம் வைத்துவிட்டார்கள். ஆகவே என் கோப்பு இப்படி இருந்தது:

<நாள் திகதி="2024-06-11">
  <கிலோ>9</கிலோ>
  <நோம்>18</நோம்>
</நாள்>

என் வினவல் மிக எளிது. கிலோ, நோமுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். இதில் எங்கே பிழை வரும்?

முதல் நாள் நான் எழுதிய வினவலில் நோம் கோப்பில் இல்லை, 18 என்று கையால் அடித்திருந்தேன். அப்போது எல்லாம் சரியாகவே வந்தது. ‘நோம் மாறும், கோப்புக்குள்ளேயே இருக்கட்டும்’ என்று புத்திசாலித்தனமாக அதை உள்ளே கொண்டுபோன மறுகணம் கணக்கு கெட்டது. இலக்கம் அதே 18. இடம்தான் மாறியது.

விஷயம் இதுதான். கோப்பில் இருக்கும் 9 நமக்கு எண். எக்ஸ்குவெரிக்கு அது எண் அல்ல, எழுத்தும் அல்ல. இன்னதென்று சொல்லும் ஸ்கீமா ஒன்றை நாம் கொடுக்காதவரை, கோப்பில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் அது ‘அன்டைப்ட் அட்டாமிக்’ என்ற வகையில் போடுகிறது. வகை சொல்லப்படாத மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொந்தக் குணம் கிடையாது, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைப் போல் ஆகிவிடும். எண்ணோடு ஒப்பிட்டால் எண்ணாக மாறும். எழுத்தோடு ஒப்பிட்டால் எழுத்தாக மாறும். தன்னைப் போலவே வகை சொல்லப்படாத இன்னொன்றோடு ஒப்பிட்டால்? இரண்டும் எழுத்தாகிவிடும்.

எழுத்தாகிவிட்டால் அகராதிக் கணக்குத்தான். முதல் எழுத்தைப் பார், தீர்ப்புச் சொல். 9 என்பதில் முதல் எழுத்து 9. 18 என்பதில் முதல் எழுத்து 1. ஒன்பது பெரிது, முழுப் பேர் போடு! 17க்கும் 18க்கும் முதல் எழுத்து ஒன்று, இரண்டாவதில் 7 சிறியது, அரைப் பேர். 22, 24, 31 எல்லாம் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். ஆகவே மாதம் முழுக்கப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது. ஒற்றை இலக்கத்தில் கொழுந்து விழுந்த மழை நாள்களில் மட்டும் பல்லைக் காட்டும். அம்மாவுக்கு அந்த நாள்கள்தான் நினைவில் இருந்தன, அரைப் பேரை யார் மறப்பார்கள்?

சரி, இப்படி ஒரு வகையை ஏன் வைத்தார்கள்? அதற்கும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்குவெரியின் முன்னோடி 2000ஆம் ஆண்டளவில் டான் சேம்பர்லின், ஜொனதன் ரோபி, டேனியலா ஃபுளோரெஸ்கு மூவரும் வடிவமைத்த குவில்ட் என்ற மொழி. சேம்பர்லின் வேறு யாருமல்ல, 1970களில் ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து எஸ்.க்யூ.எல். மொழியை உருவாக்கியவர். எஸ்.க்யூ.எல்.லில் அட்டவணை போடும்போதே எந்த நிரலில் எண், எந்த நிரலில் திகதி என்று சொல்லிவிட்டுத்தான் தரவை உள்ளே விடுவோம். எக்ஸ்.எம்.எல். அப்படி வருவதில்லை. யாரோ எங்கேயோ எழுதிய ஆவணம், வகை அறிவிப்பு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். இரண்டையும் கேள்வி கேட்க ஒரே மொழி வேண்டும் என்றால் ‘தெரியாது’ என்பதற்கும் ஒரு வகை தேவை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2007 ஜனவரி 23ஆம் திகதி எக்ஸ்குவெரி 1.0ஐப் பரிந்துரையாக வெளியிட்டபோது இந்த ஏற்பாடு அப்படியே உள்ளே வந்தது.

நியாயம் புரிகிறது. ஆனால் நடைமுறை ஒரே சீராக இல்லை என்பதுதான் என் புகார். அதே கோப்பில் ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்று கேட்டேன், 31 என்றது. அது சரி. ‘இறங்கு வரிசையில் அடுக்கு’ என்றேன். 9 முதலில் வந்தது, அடுத்து 7, பிறகுதான் 31. அதிகபட்சம் தேடும் செயற்கூறு வகையற்றதை எண்ணாக்கிக்கொள்கிறது. கூட்டும் செயற்கூறும் அப்படியே. வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’ மட்டும் எழுத்தாக்கிக்கொள்கிறது. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்! விதிப் புத்தகத்தில் இரண்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே பிழை என்று சொல்ல முடியாது. நல்ல வடிவமைப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் நம் நாட்டில் பிறந்த ஒரு மொழி நினைவுக்கு வருகிறது. கொழும்பின் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய பலெரினா. அதை முன்னெடுத்த சஞ்சீவ வீரவரண, இணையச் சேவைகளை எக்ஸ்.எம்.எல்.லில் விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். தரத்தை எழுதிய நால்வரில் ஒருவர். மொழி வடிவமைப்பில் உடன் நின்றவர் ஜேம்ஸ் கிளார்க், எக்ஸ்.எம்.எல். உருவான குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். இப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் என்ன நடக்கும்? பலெரினாவில் எழுத்துச் சரமும் எக்ஸ்.எம்.எல்.லும் பக்கத்துப் பக்கத்தில் அடிப்படை வகைகளாக உட்கார்ந்திருக்கின்றன. கோப்பிலிருந்து 9ஐ எடுத்தால் அது சரம்தான், தானாக ஒருபோதும் எண்ணாகாது. எண்ணாக்கு என்று நாமே கேட்க வேண்டும், முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் நாமே எழுத வேண்டும். தட்டச்சு கூடுதல்தான். ஆனால் ஒன்பது கிலோவுக்கு முழுப் பேர் கேட்கும் சங்கடம் வராது.

எக்ஸ்குவெரியிலும் நோய்க்கு மருந்து அதுதான், வாய்விட்டுச் சொல்வது. கிலோவை டெசிமல் என்று சொல், நோமை டெசிமல் என்று சொல், பிறகு ஒப்பிடு. சொன்னேன். ஜூன் 11 அரைப் பேரானது. அம்மா "இப்பதான் மிசினுக்கு புத்தி வந்திச்சி" என்று உள்ளே போய்விட்டார்.

ஏன் டெசிமல், ஏன் டபுள் அல்ல?

வகைகள் எல்லாம் எக்ஸ்குவெரி தானாகக் கண்டுபிடித்தவை அல்ல, 2001இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவிலிருந்து எடுத்துக்கொண்டவை. அங்கே மூல வகைகள் 19. சரம், பூலியன், டெசிமல், ஃபுளோட், டபுள், கால அளவு, திகதியும் நேரமும் சார்ந்த ஒரு பெரிய குடும்பம், இணைய முகவரி, இன்னும் சில. அன்றாடம் நமக்கு ஆறேழு போதும். முழு எண் இந்த 19இல் இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டெசிமலின் பிள்ளை அது, புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லாத டெசிமல்.

டெசிமல் பள்ளிக்கூடத்துக் கணக்கு. 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.3. டபுள் என்பது கொம்பியூட்டர் உள்ளே இரும எண் முறையில் வைத்துக்கொள்ளும் கிட்டத்தட்டக் கணக்கு. அதே கூட்டலுக்கு 0.30000000000000004 என்று விடை வரும். விஞ்ஞானிக்கு அது பரவாயில்லை, சம்பளத்துக்கு ஆகாது. சிக்கல் என்னவென்றால், வகையற்ற மதிப்புகளைக் கூட்டச் சொன்னால் எக்ஸ்குவெரி தானாகத் தேர்ந்தெடுப்பது டபுளைத்தான்.

இதனால் வீட்டில் ஒரு கூத்து. அம்மாவின் சேமலாப நிதிக் கணக்கை வருட வருடமாகப் போட்டு மொத்தத்தைக் கேட்டேன். பன்னிரண்டு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூறு வர வேண்டும். வந்தது 1.2543ஈ6. பத்து லட்சத்தைத் தொட்டதும் டபுள் தன்னை அடுக்குக்குறி முறையில் எழுதிக்கொள்ளும். அம்மா திரையை எட்டிப் பார்த்து, "பன்னண்டு லச்சம்னு சொன்ன, இங்க ஒன்னே காலும் ஒரு ஈயுமில்ல குந்தியிருக்கு?" என்றார். ஈயை விரட்ட டெசிமலாக்கிக் கூட்டினால் போதும். 1254300 என்று ஒழுங்காக எழுதியது.

அரைப் பேருக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு பேரை இரண்டால் வகுத்தால் அரை. ஜாவா பழகியவர்கள் 1ஐ 2ஆல் வகுத்தால் பூச்சியம் வரும் என்று பயந்துகொண்டே இருப்பார்கள், அங்கே முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். எக்ஸ்குவெரியில் ‘டிவ்’ என்று வகுத்தால் 0.5 என்ற டெசிமல் கிடைக்கிறது. மிச்சத்தை எறியத்தான் வேண்டும் என்றால் ‘ஐடிவ்’ என்ற வேறு சொல் இருக்கிறது, அதில் அரைப் பேர் பூச்சியமாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்ததற்காக மொழியை வடிவமைத்த குழுவுக்கு ஒரு கும்பிடு.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம், இல்லாமை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்காத நாள் மூன்று விதம். ஒன்று, அம்மா வேலைக்கே போகவில்லை. இரண்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார், மலைக்கு ஏறினார், பெரிய மழை, ஒன்றும் பறிக்காமல் இறங்கினார். மூன்று, அன்றைக்குப் புல்லு வெட்டப் போட்டார்கள், பேர் உண்டு, கொழுந்துக்கு இடமே இல்லை. கையால் எழுதும் புத்தகத்தில் மூன்றுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவோம். பார்க்கிறவருக்குத் தெரியும்.

எக்ஸ்.எம்.எல்.லில் மூன்றையும் மூன்று விதமாக எழுதலாம். கிலோ என்ற உறுப்பையே எழுதாமல் விடலாம். எழுதி உள்ளே 0 போடலாம். எழுதி உள்ளே வெறுமையாக விடலாம். சராசரி கேட்டுப் பாருங்கள். உறுப்பே இல்லாத நாளை அது எண்ணுவதில்லை, சராசரி குறையாது. 0 போட்ட நாளை எண்ணும், சராசரி இறங்கும். வெறுமையாக விட்ட நாளில்? வெற்றுச் சரத்தை எண்ணாக்க முடியாது என்று பிழை காட்டி, மொத்த வினவலும் நின்றுவிடும். மாதத்தில் 25 நாள் ஒழுங்காக இருந்தாலும் ஒரே ஒரு வெற்றுக் கிலோ போதும்.

முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் அதுதான் சரி. புல்லு வெட்டிய நாளை 0 கிலோ என்று போடுவது அம்மாவுக்குச் செய்யும் அநியாயம். நாள் முழுக்க வேலை செய்தவரின் சராசரியை இறக்குவது அது. அந்த நாளில் கிலோ என்ற கேள்வியே எழாது. இல்லாததை இல்லாததாகவே வைத்திருக்க எக்ஸ்குவெரியில் வெற்று வரிசை என்று ஒன்று இருக்கிறது. அது பூச்சியமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல.

வரிசை என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மொழியில் எல்லாமே வரிசைதான். ஒற்றை 9கூட, ஒரே ஒரு உருப்படி உள்ள வரிசை. துண்டில் காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை இருக்கிறது என்று அம்மா காட்டிய பிறகு ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கிலோ எழுதினேன். எல்லா நாள்களையும் சேர்த்து வாங்கினால் மூன்று மூன்றாக வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வரிசைக்குள் வரிசை கிடையாது, சேர்த்தால் எல்லாம் ஒரே நீளமாகிவிடும். கொழுந்து லொறியில் ஏறிய பிறகு இது யாருடைய கூடை, எந்த மலை என்று கேட்க முடியுமா? அப்படித்தான். கூடை கூடையாக வேண்டும் என்றால் நாள் நாளாகச் சுற்றி வந்து, அங்கங்கே கூட்டிக்கொள்ள வேண்டும். 2017இல் வந்த 3.1 பதிப்பில் ‘அரே’ என்ற வகை சேர்ந்தது, அதில் கூடை கலையாது.

இதிலேயே இன்னொரு குறும்பு. மூன்று நிறுவை உள்ள நாளில் ‘கிலோ 6க்குச் சமமா’ என்று சமக்குறி போட்டுக் கேட்டால், மூன்றில் ஒன்று 6 ஆக இருந்தாலே ஆம் என்கிறது. ‘6க்குச் சமமில்லையா’ என்றால் அதற்கும் ஆம், ஏனென்றால் மற்றொன்று 7. இரண்டு பக்கமும் தலையாட்டும் ஆள்.

பூலியன் பற்றிச் சுருக்கமாக. ட்ரூ, ஃபோல்ஸ், 1, 0. இந்த நான்கைத் தவிர வேறெதையும் அது உண்மை, பொய் என்று வாசிக்காது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று தமிழில் எழுதிவைத்தால் பிழை. அதைவிட ஆபத்து, ‘வருகை’ என்ற உறுப்பில் ஃபோல்ஸ் என்று எழுதிவிட்டு, ‘வருகை இருந்தால்’ என்று வெறுமனே கேட்பது. உறுப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும், உள்ளே எழுதியதைப் படிக்காது. லீவு போட்ட நாளெல்லாம் வந்த நாளாகிவிடும்.

திகதிக்கு ஒரே ஒரு வடிவம்தான். 2024-06-11. நம் துண்டில் எழுதும் 11/6 செல்லாது, 2024-6-11கூடச் செல்லாது, பூச்சியம் வேண்டும். இந்தக் கெடுபிடிக்கு ஒரு பலன் இருக்கிறது. பெரிதிலிருந்து சிறிதுக்கு எழுதுவதால், வகை சொல்ல மறந்து எழுத்தாகவே அடுக்கினாலும் காலவரிசை குலையாது. திகதி என்று சொல்லிவிட்டால் கழிக்கலாம், நாள் கணக்கு வரும். ஜனவரி 31ஓடு ஒரு மாதம் கூட்டு என்றால் பெப்ரவரியின் கடைசி நாளில் கொண்டுபோய் நிறுத்தும். லீப் வருடமா என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நேரத்தில்தான் இலங்கையர்களுக்கென்று ஒரு பொறி. நேரத்தோடு வலயத்தை எழுதலாம், எழுதாமலும் விடலாம். விட்டால், தேவைப்படும்போது கணினியில் இப்போது இருக்கும் வலயத்தை எக்ஸ்குவெரி ஒட்டிக்கொள்ளும். இன்று அது +05:30. ஆனால் 1996 மே மாதம், மின்வெட்டுக் காலத்தில், நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி +06:30 ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி குறைத்து +06:00. 2006 ஏப்ரலில்தான் பழையபடி +05:30. என் அண்ணன் பிறந்தது 2000இல், இரவு 11.45க்கு. அது உலகப் பொது நேரத்தில் மாலை 5.45. வலயம் போடாமல் மாற்றினால் எக்ஸ்குவெரி 6.15 என்கிறது. அரை மணி நேரம் தப்பு. சாதகம் எழுதுகிறவரிடம் கொண்டுபோனால் லக்கினமே மாறினாலும் மாறும். பழைய இலங்கை நேரங்களை எழுதுகிறவர்கள் வலயத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

கடைசியாகச் சரம். இது சும்மா எழுத்துத்தானே என்று அலட்சியமாக இருந்தேன். ‘இறம்பொடை’யின் நீளம் என்ன என்று கேட்டேன். இ, ற, ம், பொ, டை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்து என்று சொல்லும். எக்ஸ்குவெரி 8 என்றது. அது எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யூனிகோட் குறிப்புள்ளிகளை. புள்ளி தனி, ஒகரக் குறி தனி, ஐகாரக் குறி தனி. சரி, விதி அப்படி, ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஒருமுறை ஒரு முகவரிப் பட்டியலில் எங்கள் ஊர்க்காரர்களைத் தேடினால் பாதிப் பேரைக் காணோம். கண்ணுக்கு எல்லாரும் இறம்பொடைதான். நீளம் பார்த்தால் சிலருக்கு 8, சிலருக்கு 9. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபோது, ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்காமல் கொம்பையும் காலையும் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டது அந்த மாற்றி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பீட்டில் வெவ்வேறு. ‘நோர்மலைஸ் யூனிகோட்’ என்ற செயற்கூறு இதைச் சேர்த்து ஒட்டிவிடுகிறது. தமிழ்த் தரவை வினவும் எவரும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். இதே பிளவு தமிழ் அடையாளக் குறிக்குள் புகுந்தால் இன்னும் மோசம். ‘கிலோ’வில் ஓகாரம் பிரிந்துவிட்டால் அந்த உறுப்பு அகப்படாது, பிழைச் செய்தியும் வராது. வெற்று வரிசை வரும், அதைக் கூட்டினால் 0. ஒரு மாத உழைப்பு சத்தமில்லாமல் பூச்சியம்.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ ‘ப’வுக்கு முன் இருக்கிறது, ‘ற’ ‘ல’வுக்கு முன் இருக்கிறது. அப்படியே அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை வராது. 3.1இல் தமிழ் வரிசை வேண்டும் என்று மொழியைச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. தமிழ் இலக்கத்தில் ௧௮ என்று எழுதிப் பார்க்கும் ஆசையும் எனக்கு வந்தது. தேடல் கோலத்தில் அதை இலக்கம் என்று ஒத்துக்கொள்கிறது. எண்ணாக மாற்று என்றால் முடியாது என்கிறது. அங்கீகாரம் உண்டு, சம்பளம் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு வகை மாற்றம் மட்டும் மனதில் கிடந்து அரிக்கிறது. 7.6 என்ற டெசிமலை முழு எண்ணாக்கு என்றால் எக்ஸ்குவெரி 8 என்று கிட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. புள்ளிக்குப் பின் இருப்பதை வெட்டிவிட்டு 7 என்கிறது. கிட்டத்துக்கு வேண்டும் என்றால் ‘ரவுண்ட்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். முழு எண் என்ற வகையைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே இழப்பும் தீர்மானமாகிவிடுகிறது.

தராசில் பொயின்ட் தெரியும். அம்மாவுக்கு எழுத்து வராவிட்டாலும் இலக்கம் வரும். ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டியதை மனதில் வைத்து வந்து அந்தியில் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். துண்டில் பொயின்ட் ஏறுவதில்லை. கூடைக்கு, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பது வேறு. அந்தக் கழிவெல்லாம் போன பிறகு தராசு காட்டுவதைத்தான் சொல்கிறேன். ஆக ஒரே நாளுக்கு என்னிடம் இரண்டு கணக்கு. துண்டில் இருப்பது முழு எண், அம்மா சொன்னது டெசிமல். மாதம் முழுவதையும் இரண்டு வகையிலும் ஓடவிட்டு, பேர் மாறுகிற நாள் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு நாள் வந்தது.

ஜூன் 19, புதன்கிழமை. தராசு: காலை 7.6, பகல் 6.5, அந்தி 4.8. கூட்டினால் 18.9. துண்டு: 7, 6, 4. கூட்டினால் 17. நோம் 18. அன்றைக்கு விழுந்தது அரைப் பேர்.